நூற்றுத் தொண்ணூற்றாறு

நீதிமன்றக் கட்டடத்தின் பின்பக்கத்தில், உடைந்த நாற்காலிகளைக் குவித்து வைத்திருக்கும் அறைக்கு அடுத்தது நகல் பிரிவு. ஒரு ஜன்னல், நான்கு மேசைகள், தலையை ஆட்டிக்கொண்டே சுற்றும் ஒரு மின்விசிறி. ஜெராக்ஸ் வந்த பிறகும் இந்த அறைக்கு வேலை குறையவில்லை. மங்கிப்போன கையெழுத்துப் பத்திரங்களையும் பூச்சி அரித்த வாக்குமூலங்களையும் இயந்திரம் கறுப்பாகத் துப்பிவிடும். அவற்றைக் கண்ணால் படித்துத்தான் தட்டச்சு செய்ய வேண்டும். பிறகு இரண்டு பேர் உட்கார்ந்து ஒத்துப் பார்ப்பார்கள். ஒருவர் மூலத்தை வாய்விட்டுப் படிக்க, மற்றவர் சிவப்புப் பென்சிலால் நகலில் ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுக்கொண்டே போவார்.

கோர்ட்டம்மாவுக்குப் பதினெட்டு வருஷமாக அந்தச் சிவப்புப் பென்சில் வேலை. கோர்ட்டில் வேலை என்பதால் தெருவே அவளை அப்படிக் கூப்பிட்டது. எதிர் மேசையில் உட்கார்ந்து படிக்கிறவருக்கு அலுவலகத்தில் கமா என்று பெயர். கமா, முற்றுப்புள்ளி, அடைப்புக்குறி எல்லாவற்றையும் சொல்லியே படிக்க வேண்டும் என்பது விதி. இருபத்தைந்து வருஷம் அப்படிப் படித்ததில் வெளிப்பேச்சிலும் அது ஒட்டிக்கொண்டது. “டீ ஒண்ணு கமா சர்க்கரை கம்மியா முற்றுப்புள்ளி” என்றுதான் கான்டீனில் கேட்பார். அவர் வேண்டுமென்றே செய்கிறாரா, அறியாமல் வருகிறதா என்பதில் அலுவலகத்தில் இரண்டு கட்சி உண்டு.

அன்று ஒரு பழைய பாகப்பிரிவினைப் பத்திரம்.

“மேற்படியாரின் தகப்பனார் கமா வயது முப்பத்தெட்டு கமா” என்று படித்த கமா நிறுத்தினார். “இந்தாம்மா, மகனுக்கு நாப்பதுன்னு மேல வந்துச்சே. அப்பன் ரெண்டு வருஷம் கழிச்சுப் பொறந்தானா?”

“உங்களுக்கு எதுக்கு சார் அந்தக் கவலை? முப்பத்தெட்டுன்னு இருக்கா?”

“இருக்கு.”

“எனக்கும் முப்பத்தெட்டு. மேல போங்க. நின்னு யோசிச்சா கண்ணு தப்பிடும்.”

மூலத்தில் பிழை இருந்தால் நகலிலும் அந்தப் பிழை இருக்க வேண்டும். திருத்தினால் அது நகலே அல்ல. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பத்திரத்தில் விட்டுப்போன ஒரு சொல்லைத் தானே சேர்த்துவிட்டு, அதற்காக மேலதிகாரி முன்னால் அரை மணி நேரம் நின்றவள் அவள். அதற்குப் பிறகு ஒரு பிழையையும் திருத்தியதில்லை. ஒரு நகலும் திரும்பி வந்ததில்லை.

ஃபோன் அடித்தது அப்போதுதான். மகள் படிக்கும் பள்ளிக்கூடத்திலிருந்து.

“நாளைக்குக் காலையில பத்து மணிக்கு வந்து தலைமையாசிரியரைப் பாருங்க. மாதிரித் தேர்வுல உங்க பொண்ணு கணக்குப் பேப்பர்ல பிட் அடிச்சிருக்கா.”

கமா மூலத்தில் விரலை வைத்தபடி காத்திருந்தார். அவள் பென்சிலைக் கீழே வைத்தாள்.

“என்னம்மா?”

“ஒண்ணுமில்ல சார். விட்ட இடத்துலேர்ந்து படிங்க.”

அவர் படித்தார். அந்தப் பக்கத்தை அவள் மூன்று முறை படிக்கச் சொன்னாள்.

*

வீடு மூன்றாவது மாடியில். ஒரு கூடம், ஒரு சமையலறை, துணி காயப்போடும் அகலத்துக்கு ஒரு பால்கனி. பால்கனியில் பாதியைப் பெயின்ட் டப்பாக்கள் பிடித்துக்கொண்டிருக்கும். அவள் புருஷன் பெயின்டர். உயரமான கட்டடங்களின் வெளிச்சுவர்தான் அவனுக்கு வேலை. காலம் தப்பிய மழை தொடங்கி ஒரு வாரமாக வேலை இல்லாமல் வீட்டில் இருந்தான். எட்டாம் வகுப்போடு நின்றவன் என்பதால் மகளின் படிப்பு விஷயத்தில் அவன் வாயே திறப்பதில்லை. பரீட்சை நாட்களில் செருப்புச் சத்தம்கூடக் கேட்காமல் நடப்பான்.

மகளைப் படிக்க வைத்ததெல்லாம் கோர்ட்டம்மாதான். வேலை முடிந்து வந்து, சோறு வடித்து இறக்கியதும், மடக்கு மேசையை விரித்துவிடுவாள். ஒரு பாடத்துக்கு ஒரு மணி நேரம். பத்து நிமிஷம் வாய்விட்டுப் படிப்பது, அரை மணி நேரம் பார்க்காமல் எழுதுவது, இருபது நிமிஷம் ஒத்துப் பார்ப்பது. அம்மா புத்தகத்தைப் படிப்பாள், மகள் நோட்டைப் பார்ப்பாள், மறுநாள் மாற்றிக்கொள்வார்கள். சரித்திரத்துக்கும் அதுதான், செய்யுளுக்கும் அதுதான், இதயத்தின் படத்துக்கும் அதுதான், கணக்குக்கும் அதுதான். சரித்திரத்தில் தொண்ணூற்று நான்கு, மொழிப்பாடத்தில் தொண்ணூற்றொன்று என்று மார்க் வந்தபோது தெருவில் இரண்டு வீடுகள் தங்கள் பிள்ளைகளையும் இப்படி உட்கார வைத்துப் பார்த்தன. ஒரு வாரம் தாங்கவில்லை. கோர்ட்டம்மாவின் பொறுமை அவர்களுக்கு இல்லை.

அன்று அவள் வந்தபோது மகள் சீருடையைக்கூட மாற்றாமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். பெயின்டர் முட்டை அவித்து வைத்திருந்தான். யாரும் தொடவில்லை.

“பாத்து எழுதினியா?”

“இல்லம்மா.”

“பக்கத்துல யாராவது தூக்கிப் போட்டாங்களா?”

“இல்லம்மா. நான் ஒண்ணுமே பண்ணல.”

“ஒண்ணுமே பண்ணாம எதுக்குடி கூப்பிடுறாங்க?”

“கைடுல இருக்கிற மாதிரியே இருக்காம். அச்சு அசலா அப்படியே இருக்காம். டீச்சர் க்ளாஸ்ல எல்லார் முன்னாடியும் பேப்பரைத் தூக்கிக் காட்டினாங்க.”

கோர்ட்டம்மாவுக்குப் புரியவில்லை. “அப்படியேதானே இருக்கணும்? அப்படி இருந்தா முழு மார்க்கில்ல போடணும்?”

“நான் வேணா நாளைக்கு வரட்டுமா?” என்றான் பெயின்டர்.

“நீங்க வந்து சுண்ணாம்பு அடிக்கப் போறீங்களா? பேசாம இருங்க.”

அவன் முட்டையை மூடி வைத்தான்.

*

தலைமையாசிரியையின் அறையில் ஈரக் குடைகள் ஒரு வாளியில் நின்றன. கணக்கு டீச்சர் ஒல்லியானவர், கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுத் தேடுகிற வகை. மேசைமேல் விடைத்தாளையும் கைடையும் அருகருகே வைத்து, “நீங்களே பாருங்க” என்றார்.

கோர்ட்டம்மா பார்த்தாள். ஒரு நிமிஷம் ஆகவில்லை. பதின்மூன்று மீட்டர் ஏணி, சுவரிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி அடி, ஏணி எட்டும் உயரம் எவ்வளவு என்பது கேள்வி. பதினொரு வரி விடை. பதினொன்றும் ஒத்திருந்தன. ஒரு கமா பிசகவில்லை. பயப்படுவதற்கு முன்னால் அவளுக்கு வந்தது பெருமை. அதை மறைத்துக்கொண்டு, “சரியாத்தானே மேடம் இருக்கு?” என்றாள்.

“நாலாவது வரியைப் படிங்க.”

“நூத்தித் தொண்ணூத்தாறு கழித்தல் இருபத்தஞ்சு, சமம் நூத்தி நாப்பத்தி நாலு.”

“போட்டுப் பாருங்கம்மா. நூத்தித் தொண்ணூத்தாறுல இருபத்தஞ்சு போனா எவ்வளவு?”

கோர்ட்டம்மா மேசைக்கு அடியில் விரலை மடக்கினாள். நூற்று எழுபத்தொன்று வந்தது. இன்னொரு முறை மடக்கினாள்.

“பதிமூணை பதிமூணால பெருக்கினா நூத்தி அறுபத்தொம்பது. கைடுல எண்ணைத் திருப்பிப் போட்டு அச்சடிச்சுட்டான். க்ளாஸ்ல முப்பத்தாறு பேர் இந்தக் கணக்கைப் போட்டிருக்காங்க. சரியாப் போட்டவங்க இருக்காங்க, தப்பாப் போட்டவங்க இருக்காங்க. கைடோட அச்சுப் பிழையையும் சேர்த்து எழுதினது உங்க பொண்ணு ஒருத்திதான். மடியில வச்சுப் பாத்து எழுதாம இது எப்படிம்மா வரும்?”

தலைமையாசிரியை குரலை உயர்த்தாமல் பேசினார். “முறைகேடுன்னு எழுதிட்டா பொதுத் தேர்வுக்கு அனுப்ப முடியாது. ஒரு வருஷம் போயிடும். எழுதறதுக்கு முன்னாடி உங்களைக் கேக்கணும்னுதான் கூப்பிட்டேன்.”

மகள் கதவோரம் நின்றிருந்தாள். கோர்ட்டம்மா திரும்பி அவளைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “பாக்காம எழுதினாலும் இப்படியே வரும் மேடம். ஒரு வெள்ளைத்தாள் குடுங்க. கைடுல எந்தப் பக்கம் வேணாலும் கேளுங்க.”

கணக்கு டீச்சர் கைடை எடுத்துப் புரட்டினார். மூன்று கணக்குகளின் முதல் வரியை மட்டும் படித்தார். மகள் உட்கார்ந்து எழுதினாள். பேனா நிற்கவில்லை. ஜன்னலில் மழை அடித்துக்கொண்டிருந்தது, பக்கத்து வகுப்பில் யாரோ பெஞ்சை இழுத்தார்கள். இருபது நிமிஷத்தில் தாள் திரும்பி வந்தது. டீச்சர் கைடோடு வைத்துப் பார்த்தார். இரண்டாவது கணக்கில், தாளில் படமே இல்லாத இடத்தில், “மேலே உள்ள படத்தைக் காண்க” என்று எழுதியிருந்தது. ஏணிக் கணக்கில் நூற்றுத் தொண்ணூற்றாறு அதே இடத்தில் இருந்தது.

டீச்சர் தாளைத் தலைமையாசிரியையிடம் நகர்த்தினார்.

“பிட் இல்ல மேடம்” என்றார் டீச்சர். “அது என் தப்பு. க்ளாஸ்ல காட்டினதும் தப்பு.” பிறகு மகளைப் பார்த்தார். “பாப்பா, உக்காரு. இதே ஏணி. பதினேழு மீட்டர்னு வச்சுக்கோ. அடி எட்டு மீட்டர் தள்ளி. போடு.”

மகள் தாளைத் திருப்பி வைத்தாள். பதினேழு என்று எழுதினாள். எட்டு என்று எழுதினாள். பேனா அங்கே நின்றது. அம்மாவைப் பார்த்தாள். கோர்ட்டம்மா தலையை அசைத்தாள், எழுது என்பது போல. மகள் எழுதினாள். நூற்றுத் தொண்ணூற்றாறு கழித்தல் இருபத்தைந்து. ஏணி எட்டும் உயரம் பன்னிரண்டு மீட்டர். கையெழுத்து முன்பு போலவே முத்து முத்தாக இருந்தது.

“இதுக்கு நான் என்ன மார்க் போடறது?” என்று டீச்சர் கேட்டது யாரையும் நோக்கி அல்ல. “சும்மா சொல்லக் கூடாது மேடம். நானும் அந்தக் கைடைப் பாத்துத்தான் கேள்வி எடுத்தேன். ரெண்டு வருஷமா எடுக்கிறேன். பிழை இருக்கிறது இவ எழுதின அப்புறம்தான் என் கண்ணுல பட்டுச்சு.”

தலைமையாசிரியை மார்க் பதிவேட்டைத் திறந்தார். சரித்திரம், மொழி எல்லாம் மேலே நின்றன. அறிவியல் ஐம்பத்தெட்டு. அந்த விடைத்தாளையும் எடுத்து நீட்டினார். “இங்க பாருங்க, இதயத்தை அழகா வரைஞ்சு பேரெல்லாம் குறிச்சிருக்கா. ரத்தம் எந்தப் பக்கம் போகுதுன்னு கேட்டா இடத்தை விட்டிருக்கா. மனப்பாடம் வேணாம்னு சொல்லல. வருஷத்தையும் செய்யுளையும் வேற எப்படிப் படிக்கிறது? ஆனா எல்லாத்துக்கும் அதே சாவியைப் போட்டுத் திருப்பினா எப்படி? இருபத்திரண்டு நாள் இருக்கு. கணக்குல தவறினா மேல் வகுப்பு இல்ல. பொதுத் தேர்வுக் கேள்வி உங்க கைடுலேர்ந்து வராதும்மா.”

*

இருவருக்கும் ஒரே குடை. பஸ் நிறுத்தத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஷெல்டரின் தகரத்தில் மழை சடசடத்தது. பழ வண்டிக்காரன் ஒருவன் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

“அந்த ஒரு எண்ணைப் பாத்திருக்கக் கூடாதாடி?” என்றாள் கோர்ட்டம்மா. “எழுதும்போது இடிக்கலையா உனக்கு?”

“இடிச்சுது.”

“அப்புறம்?”

“நான் முதல்ல நூத்தி அறுபத்தொம்பதுன்னுதான் எழுதினேன். பெருக்கிப் பாத்துத்தான் எழுதினேன். நீதான் வட்டம் போட்டு மாத்தின.”

“நான் எப்ப மாத்தினேன்?”

“நோட்டுல இருக்கு, போய்ப் பாரு. இது சரியா வரலையேம்மான்னுகூட கேட்டேன். யோசிக்காத, யோசிச்சா தப்பிடும்னு சொன்ன.” அவள் குரல் உயரவில்லை. அதுதான் கோர்ட்டம்மாவுக்குத் தாங்கவில்லை. “அதுலேர்ந்து நான் எதையும் போட்டுப் பாக்கிறதில்ல.”

பஸ் வந்தது. இடம் இருந்தும் இருவரும் நின்றே வந்தார்கள்.

வீட்டில் கோர்ட்டம்மா மகளின் பழைய நோட்டுகளை ஒரு பெயின்ட் வாளியில் அடுக்கி வைத்திருந்தாள். ஈரப் புடவையோடு தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தாள். நான்காவது நோட்டில் இருந்தது. மகளின் எழுத்தில் 169. அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம். பக்கத்தில், எவ்வளவு பழைய பத்திரத்திலும் தன்னுடையது என்று அவள் அடையாளம் சொல்லக்கூடிய எழுத்தில், 196. ஓரத்தில் சின்னதாக ஒரு குறிப்பும் எழுதியிருந்தாள்: கவனம்.

அவள் நோட்டை மூடவில்லை. பெயின்டர் டீயைக் கொண்டு வந்து பக்கத்தில் வைத்துவிட்டு எட்டிப் பார்த்தான்.

“என்ன தப்பு?”

“நான்தான் தப்பு” என்றாள்.

*

சனிக்கிழமை மதியமும் மழை விடவில்லை. சாப்பிட்ட தட்டுகள் கழுவி ஆகிவிட்டன. வழக்கமாக மேசையை விரிக்கிற நேரம். கோர்ட்டம்மா விரிக்கவில்லை. மகள் தானே விரித்தாள், கைடையும் நோட்டையும் வைத்தாள், பிறகு எதைத் தொடங்குவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். சரித்திரம் என்றால் இந்நேரம் இரண்டு பக்கம் ஓடியிருக்கும்.

பெயின்டர் ஒரு பழைய பிரஷ்ஷை டர்பன்டைனில் ஊற வைத்து முடி முடியாகப் பிரித்துக்கொண்டிருந்தான். ரொம்ப நேரமாக எதையோ கேட்க நினைத்தவன் போல இருந்தான்.

“பாப்பா, அது என்ன கணக்கு? ஏணின்னு சொன்னாங்களே.”

அவள் படித்தாள். “பதிமூணு மீட்டர் நீளமுள்ள ஏணி ஒன்று சுவரின் மீது சாய்த்து வைக்கப்பட்டுள்ளது...”

“பதிமூணு மீட்டரா? நாலு மாடி உயரம். எவன் தூக்குவான் அதை?”

“கணக்குப்பா அது.”

“சரி. அடி எவ்வளவு தள்ளி?”

“அஞ்சு மீட்டர்.”

“வழுக்கிடும்” என்றான் பெயின்டர். “அவ்வளவு தள்ளி வச்சா பாதி ஏறும்போதே அடி ஓடும். மூணு, மூணேகால், அதுக்கு மேல வைக்கக் கூடாது. கிட்ட வச்சாலும் ஆபத்து, பின்னால சாயும். இதை எழுதினவன் ஏணி ஏறினதில்ல.”

மகள் அவனையே பார்த்தாள். பிறகு கைடில் இருந்த படத்தைப் பார்த்தாள். ஒரு நிமிர்ந்த கோடு, ஒரு படுத்த கோடு, ஒரு சாய்ந்த கோடு. நான்கு மாதமாக அவள் வரைந்த படம்.

“இந்தச் சாஞ்ச கோடுதான் ஏணியா?” என்றாள்.

“பின்ன என்னன்னு நெனச்ச?”

“ஒண்ணும் நெனைக்கல. ஏ, சி-ன்னு பேர் போட்டிருந்துச்சு.”

சமையலறை வாசலில் நின்றிருந்த கோர்ட்டம்மா இதைக் கேட்டாள்.

“உன் ஏணி எவ்வளவுப்பா?”

“இருபது அடி. அடியை அஞ்சு அடி தள்ளி வைப்பேன்.”

மகள் வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து மூன்று கோடுகள் போட்டாள். சாய்ந்த கோட்டில் இருபது என்று எழுதினாள். கீழ்க்கோட்டில் ஐந்து. இருபதை இருபதால் பெருக்கி நானூறு. அதில் இருபத்தைந்து போக முன்னூற்று எழுபத்தைந்து. ஓரத்தில் ஏதேதோ பெருக்கிப் பார்த்தாள். முகம் சுருங்கியது.

“வரலப்பா.”

“என்ன வரல?”

“எதை எதால பெருக்கினா முன்னூத்தி எழுபத்தஞ்சு வரும்னு பாக்கிறேன். ஒண்ணும் வரல. கைடுல எல்லாம் முழுசா வரும்.”

கோர்ட்டம்மா வந்து எதிரில் உட்கார்ந்தாள். பழக்கத்தில் கைடின் பக்கம் கை போனது. கைடில் இருபது அடி ஏணி இல்லை. “அப்ப தப்பா?” என்று கேட்டாள்.

“தெரியலம்மா.”

அறையில் மூன்று பேரும் அந்தத் தாளைப் பார்த்தார்கள். சரியா தப்பா என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. பெயின்டர் பிரஷ்ஷைத் துணியில் துடைத்தான். “இருபதடி ஏணியைச் சாய்ச்சா இருபதடி எட்டாது. கொஞ்சம் குறையும். அது மட்டும் தெரியும்.”

மகள் மறுபடி எழுதினாள். பத்தொன்பதைப் பத்தொன்பதால் பெருக்கினாள். முன்னூற்று அறுபத்தொன்று. அதற்குக் கீழே இருபதின் நானூறு. முன்னூற்று எழுபத்தைந்தை இரண்டுக்கும் நடுவில் எழுதிவிட்டு, பேனா முனையை அதன்மேலேயே வைத்திருந்தாள்.

“பத்தொம்பதைத் தாண்டுது. இருபதைத் தொடல” என்றாள். “நடுவுல எங்கயோ நிக்குது. தப்பில்லன்னு நெனைக்கிறேன்.”

“நெனைச்சா போதுமா? பரீட்சையில இப்படிக் கேப்பாங்களா?”

“மாட்டாங்க.”

“அப்புறம்?”

மகள் கைடை மூடினாள். அதற்குள் இன்னும் எண்பத்தேழு கணக்குகள் இருந்தன, எல்லாம் அவளுக்குத் தலைகீழாகத் தெரிந்தவை. இருபத்தொரு நாள் இருந்தது. புதுத் தாள் எடுத்து மூன்று கோடுகள் போட்டாள். கைக்கு வந்துவிட்ட படம் அது. இப்போது மெதுவாகப் போட்டாள்.

கோர்ட்டம்மா சிவப்புப் பென்சிலை எடுத்தாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள். “அடுத்த கணக்கை நான் படிக்கட்டுமாடி?”

“படிக்காதம்மா. சும்மா ரெண்டு எண் சொல்லு.”

“எந்த எண்?”

“ஏதாவது. உனக்குத் தோணுறது.”

கோர்ட்டம்மா வாயைத் திறந்தாள். அவளுக்கு வந்ததெல்லாம் பதின்மூன்று, ஐந்து, பதினேழு, எட்டு, ஏற்கெனவே யாரோ எழுதி வைத்தவை. தலையை ஆட்டி அவற்றைத் தள்ளினாள். புருஷனைப் பார்த்தாள். அவன் பிரஷ்ஷைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். மகள் பேனாவைத் தாளுக்கு மேலே பிடித்தபடி காத்திருந்தாள், மூலத்தில் விரல் வைத்துக் காத்திருப்பவர்களின் பொறுமையோடு.

“இரு,” என்றாள் கோர்ட்டம்மா. “யோசிச்சுச் சொல்றேன்.”